கதை எழுதினால் பட்டம் கிடைக்குமா? பல்கலைக்கழகத்துக்குள் படைப்பிலக்கியம் நுழைந்த வரலாறு

"டீச்சர், கதை எழுதுறதுக்கெல்லாம் பல்கலைக்கழகத்துல படிப்பு இருக்கா?" படிவம் 5, படிவம் 6 வகுப்புகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் எல்லாருமே இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். இருக்கிறது. சிறுகதைத் தொகுப்பை ஆய்வேடாகக் கொடுத்து முதுகலைப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. நாவலைக் கொடுத்து முனைவர் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. அப்படி வாங்கியவர்களில் ஒருவர் பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? அது பிறவியிலேயே வருவது இல்லையா? கற்பனைக் கட்டுரையையும் சிறுகதையையும் கையில் சிவப்புப் பேனாவோடு திருத்தும் நமக்கு இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. 100 மாணவர்கள் ஒரே வர்ணனையை மனப்பாடம் செய்து, "கதிரவன் தன் பொற்கதிர்களை" என்று ஆரம்பித்தால், அதற்கு எத்தனை புள்ளி போடுவது? இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததல்ல. ஏறக்குறைய 150 வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1870களின் நடுவில் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தது. அதுவரை கிரேக்கமும் இலத்தீனும்தான் படிப்பு என்று கருதப்பட்டன. தாய்மொழியில் ஒருவன் ஒழுங்காக எழுதுவானா என்று சோதித்துப் பார்க்கும் வழக்கம் பெரிதாக இல்லை. புகழ்பெற்ற நூல்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து தலைப்பு எடுத்து எழுதச் சொன்னார்கள். வந்த விடைத்தாள்களைப் பார்த்து ஆசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எழுத்துப் பிழை, நிறுத்தக்குறிப் பிழை, இரவல் வாக்கியங்கள். உடனே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிகள் எல்லாம் அந்தத் தேர்வுக்காகவே கட்டுரை கற்பிக்க ஆரம்பித்தன. பிழை குறைந்தது. கூடவே உயிரும் குறைந்தது.

இதை மாற்ற முயன்றவர்களில் முக்கியமானவர் பேரட் வெண்டல் என்ற பேராசிரியர். 1884இல் 'ஆங்கிலம் 12' என்ற உயர்நிலைக் கட்டுரை வகுப்பை அவர் ஹார்வர்டில் நடத்தத் தொடங்கினார். அவருடைய முறை ரொம்ப எளிமையானது: வாரநாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் தாள். அன்றைக்குக் கண்ணில் பட்ட ஏதோ ஒன்றை, மற்ற நாளிலிருந்து அந்த நாளைப் பிரித்துக் காட்டும் ஒன்றை எழுத வேண்டும். பெரிய தலைப்பு கிடையாது. முன்னுரை, முடிவுரை கிடையாது. ஒருநாள் இருநாள் சமாளிக்கலாம். இரவல் வர்ணனையை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கத் தினமும் ஒரு பக்கம் ஓட்ட முடியுமா? இரண்டே வாரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் சொந்தக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

1890இல் இந்த வகுப்பில் சேர்ந்த மாணவர்களில் ஒருவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஹார்வர்டுக்கு வந்த புதிதில் அவர் கட்டுரை ஒன்று குறைந்த புள்ளியோடு திரும்பி வந்தது. அதில் அவமானப்பட்டவர், எழுதக் கற்றே தீர்வது என்று முடிவெடுத்து, வெண்டலின் வகுப்பைத் தேடிப் போய்ச் சேர்ந்ததாகத் தன் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். சொல்ல நினைத்த விஷயத்தில் அவருக்கு ஆவேசம் இருந்தது. அதைச் சொல்ல நடை வேண்டும் என்பதை அந்தக் குறைந்த புள்ளி உணர்த்தியது. புள்ளி போடும் நாம் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்த கட்டத்துக்கு அயோவா மாநிலத்துக்குப் போக வேண்டும். மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையும் நிறைந்த நடு அமெரிக்க விவசாய மாநிலம் அது. அங்கேயுள்ள அயோவா பல்கலைக்கழகத்தில் 1897இல் ஜார்ஜ் கிராம் குக் என்ற இளம் ஆசிரியர் 'செய்யுள் இயற்றல்' என்று ஒரு வகுப்பு நடத்தினார். கவிதை நயம் பாராட்டும் வகுப்பு இல்லீங்க, கவிதை எழுதும் வகுப்பு. இதே குக்தான் பின்னாளில் புராவின்ஸ்டவுன் நாடகக் குழுவைத் தொடங்கி, 1916இல் யூஜின் ஓநீல் என்ற அறிமுகமில்லாத இளைஞரின் நாடகத்தை மேடையேற்றினார்.

ஓநீல் அதற்கு முன்பே ஒரு வகுப்பில் உட்கார்ந்தவர்தான். ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நாடகம் எழுதக் கற்பித்தார். பாடத்தின் எண் 47. மாணவர்கள் எழுதிய நாடகங்களை நடித்துப் பார்க்க அவர் அமைத்த குழுவுக்கு 'பட்டறை 47' என்று பெயர் வந்தது. இன்றைக்கு நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எடுத்து நடத்தும் 'சிறுகதைப் பட்டறை'யில் இருக்கும் சொல்லின் பின்னணி இதுதான். பட்டறை என்றால் நமக்குக் கொல்லன் ஞாபகம் வரும். பழுத்த இரும்பை அடிக்கும் இடம். பொருத்தமான பெயர்தான்: அங்கே எழுத்தும் அடி வாங்கும். ஓநீல் 1914-15இல் பேக்கரிடம் படித்தார். 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த இடத்தில் பள்ளி ஆசிரியர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 'படைப்பெழுத்து' என்ற சொற்றொடரை எமர்சன் 1837லேயே ஒரு சொற்பொழிவில் பயன்படுத்தியிருந்தாலும், அதைப் பாடத்தின் பெயராகப் பரப்பியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஹியூஸ் மேர்ன்ஸ் என்பவர் நியூயார்க்கில் லிங்கன் பள்ளி என்ற சோதனைப் பள்ளியில் 1920 முதல் 1925 வரை கற்பித்தார். மாணவர்களைப் பயிற்சி கொடுத்து வதைக்காமல், அவர்கள் ரகசியமாக எழுதி வைத்திருப்பதை வெளியே கொண்டுவருவதுதான் ஆசிரியரின் வேலை என்று நம்பினார். அந்த அனுபவத்தை 1925இல் நூலாக்கினார். அதைப் படித்துவிட்டுப் பல பள்ளிகள் படைப்பெழுத்து வகுப்பைத் தொடங்கின. பல்கலைக்கழகம் கண்டுபிடித்துப் பள்ளிக்குக் கொடுத்தது என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பெயரைப் பொறுத்தவரை பாதை நேர்மாறானது.

சரி, வகுப்பு வந்துவிட்டது. பட்டம்?

தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒரே ஒரு ஆண்டைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், 1922ஐ வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அயோவா பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புத் தலைவர் கார்ல் சீஷோர், கவிதை, கதை, நாடகம், இசை, ஓவியம் போன்ற படைப்புகளையும் உயர்பட்டத்துக்கான ஆய்வேடாக ஏற்கலாம் என்று அறிவித்தார். கம்பனைப் பற்றி 300 பக்கம் எழுதுகிறவனுக்குப் பட்டம் உண்டு. கம்பனே வந்து நின்றால் பட்டம் இல்லை என்ற நிலை அதோடு முடிவுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், சீஷோர் கவிஞர் அல்லர், உளவியலாளர். மனிதனின் இசைத் திறனைக் கருவி வைத்து அளப்பதற்குத் தேர்வு உருவாக்கி, 1919இல் வெளியிட்டவர். எதையும் அளக்க விரும்பிய மனிதர், அளக்கவே முடியாது என்று எல்லாரும் நினைத்த ஒன்றுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

கதவு திறந்தாலும் உடனே கூட்டம் வந்துவிடவில்லை. 1931இல்தான் மேரி ஹூவர் ராபர்ட்ஸ் என்பவரின் கவிதைத் தொகுப்பு முதல் படைப்பு ஆய்வேடாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு பால் எங்கிள் என்ற குதிரை வியாபாரியின் மகன் தன் கவிதைகளைக் கொடுத்து முதுகலைப் பட்டம் பெற்றார். 1936இல் வில்பர் ஷ்ராம் தலைமையில் 'அயோவா எழுத்தாளர் பட்டறை' முறையாக உருவானது. 1941இல் அதன் பொறுப்பை ஏற்ற எங்கிள் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அதை நடத்தினார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பட்டறை பெருத்தது. போர் வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944இல் வந்ததால், பல்கலைக்கழகங்களில் முன்னாள் வீரர்கள் குவிந்தார்கள். கட்டடம் போதவில்லை. ஆற்றங்கரையில் தகரக் கொட்டகை போட்டு வகுப்பு நடத்தினார்கள். போரைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் சொல்வதற்குக் கதை இருந்தது; கேட்பதற்கு ஆளும் நேரமும் அங்கே கிடைத்தன.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே 1945இல் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்தவர் பிளானரி ஓக்கானர். அவர் இதழியல் படிக்க வந்தவர். எங்கிளைப் பார்க்க வந்து பேசியபோது அவருடைய தென்மாநில உச்சரிப்பு எங்கிளுக்குச் சுத்தமாகப் புரியவில்லையாம். எழுதிக் காட்டச் சொன்னாராம். பட்டறையில் சேர விரும்புவதாக அவர் எழுதிக் கொடுத்தார். வகுப்பிலும் அவர் கதையை எங்கிளே சத்தமாக வாசித்துக் காட்டுவார். பேச்சுக்கு வாய் திறக்கத் தயங்கிய அந்த மாணவி 1947இல் ஆறு சிறுகதைகளை ஆய்வேடாகக் கொடுத்துப் பட்டம் பெற்றார். இன்று அமெரிக்கச் சிறுகதையில் அவருக்குத் தனி இடம் உண்டு. உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் வாயே திறக்காத பிள்ளை ஒன்று இருந்தால், அதன் தாளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தவர் மார்கரெட் வாக்கர். 1915இல் அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். 1940இல் அவர் அயோவாவில் முதுகலைப் பட்டத்துக்காகக் கொடுத்த கவிதைத் தொகுப்பு, 1942இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளம் கவிஞர் வரிசையில் பரிசு பெற்று நூலாக வந்தது. பிறகு திருமணம், நான்கு பிள்ளைகள், மிசிசிப்பியில் கல்லூரி ஆசிரியர் வேலை. அடிமையாக வாழ்ந்த தன் கொள்ளுப்பாட்டியின் கதையை நாவலாக எழுத வேண்டும் என்று 19 வயதில் ஆரம்பித்தவர், பிள்ளை வளர்ப்புக்கும் விடைத்தாள் திருத்தலுக்கும் நடுவில் அதை முடிக்க முடியாமல் தூக்கித் திரிந்தார். கடைசியில் அயோவாவுக்கே திரும்பிப் போய், 1965இல் அந்த நாவலையே முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். 'ஜூபிலி' என்ற பெயரில் அடுத்த ஆண்டு அது வெளிவந்தது. தொடங்கியதிலிருந்து முடிக்க ஏறக்குறைய 30 ஆண்டுகள். அந்தப் பட்டம் அவருக்கு எழுதச் சொல்லிக் கொடுத்ததா? அப்படித் தோன்றவில்லை. எழுதுவதற்கு நேரத்தைக் கொடுத்தது. வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு, "நான் நாவல் எழுதப் போகிறேன்" என்று சொல்வதைவிட, "நான் முனைவர் பட்டம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால்தானே வீடும் வேலையிடமும் விடுப்பு கொடுக்கும்!

பட்டறை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக: பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருவருடைய படைப்பின் நகல் முன்கூட்டியே எல்லாருக்கும் போய்விடும். எல்லாரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். எழுதியவர் மட்டும் பேசக்கூடாது. வாய் மூடிக் கேட்க வேண்டும். "இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று விளக்கம் கொடுக்க முடியாது. ஏன் இந்த விதி? நாளைக்குப் புத்தகம் கடைக்குப் போன பிறகு, வாசகன் பக்கத்தில் போய் நின்று விளக்க முடியாது இல்லையா?

நல்ல விதிதான். ஆனால் யாருக்கு நல்லது என்பதையும் கேட்க வேண்டும். சாண்ட்ரா சிஸ்னெரோஸ் மெக்சிகோ வம்சாவளியில் வந்தவர், சிக்காகோ நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர். 1978இல் அயோவாவில் பட்டம் பெற்றார். அங்கே ஒரு நாள் 'வீடு' என்பதன் கவித்துவம் பற்றி வகுப்பில் பேச்சு நடந்தது. மற்றவர்கள் பரணும் மாடியும் நிலவறையும் உள்ள வீடுகளைப் பற்றிச் சகஜமாகப் பேசினார்கள். அவருக்குத் தெரிந்ததோ வாடகை வீடும் நெருக்கடியும். வெட்கமும் கோபமும் வந்தது; பிறகு, இந்த அறையில் வேறு யாராலும் எழுத முடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற எண்ணமும் வந்தது. 1984இல் வெளிவந்த 'மாங்கோ தெரு வீடு' அங்கிருந்து முளைத்ததுதான். பட்டறை அவரை உருவாக்கியது என்று சொல்வதைவிட, பட்டறையோடு மோதி அவர் உருவானார் என்பதே சரி. நம் வகுப்பிலும் 'என் இல்லம்' என்று தலைப்புக் கொடுக்கும்போது, அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினான்காம் மாடியில் இருக்கும் பிள்ளை, தோட்டமும் தென்றலும் உள்ள வீட்டை மனப்பாடத்திலிருந்து எடுத்து எழுதுகிறது. நாமும் அதற்குப் புள்ளி போடுகிறோம்.

இதற்கிடையில் உளவியல் துறையில் வேறொரு ஓட்டம். 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் உரையில் ஜே. பி. கில்ஃபர்டு ஒரு கணக்கைச் சொன்னார்: அதுவரை வெளிவந்த உளவியல் ஆய்வுச் சுருக்கங்கள் சுமார் 121,000, அவற்றில் படைப்பாற்றலைப் பற்றியவை 186 மட்டுமே. இந்த உரைக்குப் பிறகுதான் படைப்பாற்றல் ஓர் ஆய்வுப் பொருளாக வேகம் பிடித்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், "நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சிந்திக்கத் தெரியவில்லையோ" என்ற பயம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. 1966இல் டாரன்ஸ் தன் படைப்பாற்றல் தேர்வை வெளியிட்டார். சரளம், நெகிழ்வு, புதுமை, விரிவாக்கம் என்று பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த பட்டியல் அதிலிருந்து வந்ததுதான். 1975இல் பஃபலோ நகரத்தின் அரசுக் கல்லூரி படைப்பாற்றலுக்கென்றே முதுநிலைப் பட்டம் தந்தது. ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவதற்கும் ஒரு நல்ல கதை எழுதுவதற்கும் உள்ள தூரம் அதிகம் என்பது என் எண்ணம். இரண்டு துறையும் 'படைப்பு' என்ற ஒரே சொல்லைப் பங்கு போட்டுக்கொண்டாலும், பெரிதாகப் பேசிக்கொண்டது கிடையாது.

எங்கிளிடம் திரும்பி வருவோம். அவர் கவிஞர் என்பதைவிடப் பெரிய நிதி திரட்டி. தொழிலதிபர்கள், அறக்கட்டளைகள் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. 1967இல் சீனாவில் பிறந்து தைவான் வழியாக வந்த எழுத்தாளர் நியே ஹுவாலிங்கோடு சேர்ந்து, உலக எழுத்தாளர்களை அயோவாவுக்கு அழைக்கும் 'பன்னாட்டு எழுத்துத் திட்டத்தை'த் தொடங்கினார். பின்னர் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். இதுவரை 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,500க்கும் அதிகமான எழுத்தாளர்கள் அங்கே போயிருக்கிறார்கள். அந்தத் தொடக்க கால நிதியில் ஒரு பகுதி ஃபார்ஃபீல்டு அறக்கட்டளையிலிருந்து வந்தது. அது அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் முகமூடி அமைப்பு. பனிப்போர் காலம் அல்லவா? கம்யூனிசத்துக்கு எதிராகக் கவிதையும் ஓர் ஆயுதம் என்று கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். எரிக் பென்னட் என்ற ஆய்வாளர், அதே அயோவாவில் படித்தவர், 2015இல் இதை ஒரு நூலாகவே எழுதினார்.

1973இல் அந்தத் திட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவர் போனார். அசோகமித்திரன். பல நாட்டு எழுத்தாளர்களோடு அயோவாவில் கழித்த மாதங்களை வைத்து அவர் எழுதிய நாவலின் பெயர் என்ன தெரியுமா? 'ஒற்றன்'! உளவுப் பணத்தின் கதை தெரிந்த பிறகு அந்தத் தலைப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் நாவலில் இருப்பது உளவு அல்ல. குளிர், சாப்பாடு, மொழி புரியாமை, சின்னச் சின்னச் சண்டைகள், தனிமை. யாருடைய பணம், என்ன நோக்கம் என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, எழுத்தாளன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். படிவம் 6 மாணவர்கள் அவசியம் தேடிப் படியுங்கள்.

இங்கிலாந்து இதையெல்லாம் பார்த்து ரொம்ப நாள் மூக்கைச் சுளித்தது. 1970இல்தான் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் முதுகலைப் படிப்பைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு சேர்ந்த மாணவர் ஒரே ஒருவர். அவர் இயன் மக்யூவன். 1979இல் அங்கே சேர்ந்தவர், ஜப்பானில் பிறந்து ஐந்து வயதில் இங்கிலாந்து வந்த கசுவோ இஷிகுரோ. ஏஞ்சலா கார்ட்டர் அவருக்கு வழிகாட்டி. அங்கே எழுதிய படைப்பு வளர்ந்து 1982இல் முதல் நாவலானது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னேனே, 2017இல் நோபல் பரிசு பெற்றவர், அவர்தான்.

"நம்ம நாட்டுல?" என்று கேட்பீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் இலக்கியத்தை ஆய்வாகப் படிக்கலாம். அங்குள்ள தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியும் 'பேரவைக் கதைகள்' தொகுப்புகளும் பல இளம் எழுத்தாளர்களுக்கு முதல் மேடையாக இருந்தன. ஆனால் அதற்கெல்லாம் முன்பே, பல்கலைக்கழகம் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கும் இங்கே ஒரு பட்டறை நடந்தது. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' தொடங்கினார்கள். ஓக்கானர் அயோவாவில் பட்டம் வாங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். இங்கே வகுப்பறை கிடையாது, கட்டணம் கிடையாது, ஆற்றங்கரைக் கொட்டகையும் கிடையாது. நாளிதழ்தான் வகுப்பறை, அஞ்சல் உறைதான் விடைத்தாள். கதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று பத்திரிகையிலேயே பாடம் நடந்தது. மலாயாவின் தமிழ்ச் சிறுகதையில் பின்னாளில் பேர் சொன்ன பலர் அந்த வகுப்பில் எழுதிப் பழகியவர்கள்தான்.

அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் சிங்கப்பூரின் 'தமிழ் முரசி'ல் இன்னொரு வகுப்பு நடந்தது. அதன் பெயர் 'ரசனை வகுப்பு'. எழுதுவதற்கு முன் படிக்கத் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் போல. பழைய தமிழ் முரசு இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இயங்கலைக் காப்பகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. இடுபணிக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் 1950களின் ஞாயிறு பதிப்புகளிலிருந்து ஆரம்பிக்கலாம். எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும். திரையைப் பெரிதாக்கிப் படித்தால் சமாளித்துவிடலாம்.